அப்பா கேட்ட கணக்கு

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செம்பனைக் குலையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் அப்பா வெட்டிச் சாய்த்த குலைகளால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது; என் படிப்பும் நடந்தது. ஆலையில் குலையை அவித்துப் பழத்தை உதிர்த்த பின் மிஞ்சுவது வெற்றுக் குலை. குலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டதும் அதையேதான்.

நாரைக் கழுவி, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் சுட்டால் கரியாகும். அதனுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து 700 அல்லது 800 டிகிரி செல்சியஸில் மீண்டும் சூடேற்றினால், அந்தக் காரம் கரியை அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடையும். பிறகு அமிலத்தாலும் நீராலும் கழுவ வேண்டும். நன்றாக அமைந்த கரியின் ஒரு கிராமில் 2,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். பூப்பந்துத் திடல் ஒன்றின் பரப்பு 82 சதுர மீட்டர்தான். அரைத் தேக்கரண்டித் தூளுக்குள் இருபத்து நான்கு திடல்கள்!

மீமின்தேக்கிக்கு வேண்டியது இந்தப் பரப்பே. துளைச் சுவர்களில் அயனிகள் ஒட்டி நிற்பதால் மின்னூட்டம் சேமிக்கப்படுகிறது. நொடிகளில் மின்னேற்றலாம், இலட்சக்கணக்கான முறை பயன்படுத்தலாம். ஆனால், அதே எடையுள்ள லித்தியம் மின்கலத்தோடு ஒப்பிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். தேங்காய் ஓட்டுக் கரி இப்பணிக்கு ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது. வெற்றுக் குலை நாரில் மின்முனை செய்து மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். அயனி என்ற சொல் அவருக்குப் புதிது. "தேன்கூட்டு அறையில தேன் நிக்கிற மாதிரிப்பா" என்றதும் புரிந்துகொண்டார். பிறகு கேள்விகள் வந்தன.

"பத்து கிலோ நாரு போட்டா எவ்வளவு கரி வரும்?"

"ஒரு கிலோ வந்தாலே பெருசுப்பா."

"காரத்துக்கும் கரண்டுக்கும் காசு? கழுவுன தண்ணி எங்கம்மா போவும்?" சற்று யோசித்துவிட்டு, "குலையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டா மரத்துக்கு என்ன போடுறது?" என்றார்.

வெற்றுக் குலையை மரத்தடியில் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். அதிலுள்ள பொட்டாசியச் சத்து மண்ணுக்கே திரும்பும். ஆய்வுக் கட்டுரைகள் 'கழிவு' என்று எழுதுவதை அப்பா உரம் என்று அறிந்திருந்தார். அந்தக் கேள்விகளே என் ஆய்வேட்டின் இறுதி இயலாயின. குறைந்த காரத்தில் துளையிட முடியுமா, கழுவிய நீரிலிருந்து பொட்டாசியத்தை மீட்க முடியுமா, எவ்வளவு குலையைத் தோட்டத்திலேயே விட வேண்டும் என்று அதில் ஆராய்ந்தேன்.

தம்பி தங்கையரே, உங்கள் ஆய்வைப் பெற்றோரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். எளிய சொல் கிடைக்காத இடத்தில் நமக்கே பாடம் தெளியவில்லை என்று பொருள். அவர்கள் கேட்கும் கணக்குக்கும் விடை தேடுங்கள். அதைக் கேட்கும் தகுதி, முப்பது ஆண்டு வியர்வையில் அவர்கள் பெற்ற பட்டம்.