அறுபது டிகிரியில் நிறுத்துவது

குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் பழக வரும் காயல்பட்டினத்துப் பிள்ளைகள் ராக்கெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காற்று தள்ளினாலும் அது எப்படிப் பாதை பிசகாமல் போகிறது? பதிலுக்கு நான் கொடுப்பது ஒரு சிமென்ட் ரெசிஸ்டர். 22 ஓம், 10 வாட். அதன் முதுகில் எல்எம்35 வெப்ப உணரியைக் கட்டி, 60 டிகிரியில் நிறுத்திக் காட்டச் சொல்வேன்.

எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 60 டிகிரி என்றால் 0.6 வோல்ட். நாம் வைத்த 0.6 வோல்ட்டோடு அதை எல்எம்358 ஆப்-ஆம்ப் ஒப்பிட்டு, டிப்122 டிரான்சிஸ்டர் வழியாகச் சூடேற்றும். முதலில் வெறும் ஆன்-ஆஃப். 60-ஐத் தொட்டதும் கரண்ட் நிற்கும், சூடு நிற்காது. சிமென்டுக்குள் தேங்கிய வெப்பம் மேலே போய்விட்டுத்தான் இறங்கும்.

அடுத்து, எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடி சூடு. ஆட்டம் அடங்கும். ஆனால் 57 போல ஓரிடத்தில் நின்றுவிடும்.

"காக்கா (அண்ணன்), இது ஏன் அறுபதுக்கு வரமாட்டேங்குது?"

இந்தக் கேள்வி வந்தால்தான் அன்றைய வகுப்பு உருப்பட்டது. குறை இருந்தால்தானே சூடு வரும்? குறை பூஜ்யமானால் சூடும் பூஜ்யம். ஜன்னலைத் திறந்து கொண்டல்காற்றை விட்டால் இன்னும் இறங்கும். குறையைக் கூட்டிக்கொண்டே போகும் மின்தேக்கி ஒன்றைச் சுற்றில் சேர்த்ததும், மீட்டர் முள் மெல்ல ஏறி 60-க்கு வந்து சேரும். காற்று அடித்தாலும் தடுமாறிவிட்டுத் திரும்பி வரும், ராக்கெட் தன் பாதைக்குத் திரும்புவது போல. கணினி சிமுலேஷனில் இந்தக் காற்று கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கணக்கிட உதவும் லாப்லாஸ் உருமாற்றத்தை இதற்குப் பிறகு நடத்தினால் போதும் என்பது என் கட்சி.

குறைக்குத் தக்க சூடு, குறையின் கூட்டல் என்ற இரண்டு உறுப்புகளோடு சேரும், மாற்றத்தின் வேகத்தைக் கவனிக்கும் மூன்றாவது உறுப்பைக் கடலோடிகளின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். கப்பல் திரும்பும் வேகத்தைப் பார்த்தே சுக்கானை முன்கூட்டி எதிர்ப்பக்கம் திருப்புவார் மாலுமி. 1922-இல் நிகோலஸ் மினோர்ஸ்கி மூன்று உறுப்புக் கட்டுப்பாட்டைக் கணிதமாக்கியதும் சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்துத்தான்.

சூடேறிய பிறகு ஆப்-ஆம்பின் இரண்டு உள்ளீடுகளையும் வேண்டுமென்றே இடம் மாற்றச் சொல்வதும் உண்டு. 60-ஐத் தாண்டத் தாண்ட இன்னும் சூடேற்றும். நேர்ப்பின்னூட்டம் எவ்வளவு பொல்லாதது என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது. அடாப்டரைப் பிடுங்க ஒரு கை தயாராக இருக்கட்டும்.

உதிரிகளெல்லாம் ரேடியோ ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும். டிரான்சிஸ்டருக்கு ஹீட் சிங்க் போடுங்கள். 12 வோல்ட் அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.