நான்கு கிலோ பலம்

அம்மா தன் வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் வாங்கிய மாருதி 800, 1998 மாடல், இப்போது என்னிடம் இருக்கிறது. நிறுத்திய இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும். பட்டறையில் ஓராண்டில் மூன்று முறை அடியிலுள்ள சம்பைக் கழற்றி, சிலிக்கான் பேஸ்ட் தடவி மாட்டினார்கள். மூன்று முறையும் பணம் கொடுத்தது நான். விளக்கம் சொல்லப்பட்டது என் தம்பிக்கு. அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நானே செய்கிறேன் என்றதும் மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "நல்லா இறுக்கணும்மா, கைல பலம் வேணும்."

அந்தப் பலத்தை அளந்து பார்த்தேன். இப்படிப்பட்ட சின்ன போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளக் கைப்பிடியில் அது நான்கு கிலோ எடைக்குச் சமம். நிறைந்த தண்ணீர்க் குடம் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். அதை இடுப்பில் தூக்க யாரும் நம் பலத்தை விசாரித்ததில்லை.

உண்மையில் பலம்தான் இங்கே கேடு. சம்ப் மெல்லிய தகடு. அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு வளையும், பேக்கிங் பிதுங்கும், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். எண்ணெய்க்கு அது போதும். ஸ்டாண்டு வைத்து (ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கக் கூடாது) கழற்றிக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளையும் மேடு தட்டியிருந்தது. மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தினேன். பம்பின் எண்ணெய் வடிகட்டியிலோ, உள்ளே பிதுங்கி உதிர்ந்த பழைய பேஸ்ட் சேமியாபோல ஒட்டிக்கிடந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் எஞ்சினுக்கு எண்ணெயே ஏறியிருக்காது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டவே இரண்டு பிற்பகல்கள் போயின. அலுமினியப் பாகங்களில் ஸ்க்ரூடிரைவர் படக் கூடாது. விழும் கீறல் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். கடைசியாகத் தின்னரால் துடைத்தபின் விரல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கில் எந்த பேஸ்ட்டும் பிடிக்காது.

அதற்கும் முன்பு செய்ய வேண்டியவை இரண்டு. எஞ்சினைக் கழுவி, காயவிட்டு, முகப் பவுடர் தூவிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். மேலே டேப்பட் கவரில் கசிவதும் வழிந்து சம்பில் வந்துதான் சொட்டும். பவுடர் முதலில் நனையும் இடமே கசியும் இடம். அடுத்தது பிரீதர் குழாய். பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, உள்ளே வாயு சேரும். வெளியேறும் குழாய் அடைத்திருந்தால், அந்த அழுத்தம் எந்த சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். மூன்று தடவையில் ஒருவரும் அதைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. கரிப்பிசுக்கு அப்படியே இருந்தது. இதைப் பெண்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதலாம். வேண்டாம், குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.

புது பேஸ்ட்டை மெல்லிய கோடாக இழுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றில் இறுக்கினேன். ஓர் இரவு காயவிட்டபின்தான் எண்ணெய் ஊற்றினேன்.

கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் பாக்கியிருக்கிறது. அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.