ஒரு கட்டிங் எண்ணெய்

டிஸ்கி: அடியேன் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். இதைப் படிச்சுட்டு யாராவது வண்டியைப் பிரிச்சு மேஞ்சு, திரும்ப மாட்டத் தெரியாம முழிச்சீங்கன்னா கம்பெனி பொறுப்பேற்காது.

நியூஜெர்சியில எங்க வீட்டு கராஜ்ல ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 நிக்குது. இந்த ஊர்ல மியாட்டான்னு சொல்லுவாங்க. 1995 மாடல், ரெண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால தள்ளிடலாம். ஸ்போர்ட்ஸ் கார்னதும் கோடீஸ்வரன் வண்டின்னு நினைச்சுடாதீங்க. 1989ல சிகாகோ ஆட்டோ ஷோவுல அறிமுகமாகி, 2016லயே பத்து லட்சம் வண்டியைத் தாண்டின மாடல் இது. நான் வாங்கினது மூணாவது கையோ நாலாவது கையோ. தங்கமணி இதுக்கு வெச்சிருக்கிற பேரு 'சக்களத்தி'.

இந்த வண்டியில எனக்குப் பிடிச்சதே கியர்தான். ஊர்ல டவுன் பஸ்ல எஞ்சின் மேல உட்கார்ந்து, டிரைவர் அண்ணன் அந்த நீளக் கியரைப் போடறதையே பார்த்துக்கிட்டுப் போன கேஸு நான். முன் சக்கரத்தை ஓட்டுற சாதாரண கார்கள்ல கியர் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல நீளமா கேபிள் ஓடும். மியாட்டாவுல அந்தக் கதை கிடையாது. கியர்பாக்ஸ் நமக்குப் பக்கத்துலயே, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கு. லிவரோட அடி நேரா அதுக்குள்ளயே இறங்குது. மணிக்கட்டை லேசா அசைச்சா போதும், 'டக்'குனு விழும்.

விழுந்துக்கிட்டு இருந்தது. போன குளிர்காலம் வரைக்கும்.

பொண்ணுக்குப் பதினேழு வயசு. அவ கூடப் படிக்கிறதுங்களுக்கெல்லாம் கிளட்ச்னா என்னன்னே தெரியாது. இவ மட்டும் "எனக்கு மேனுவல் கத்துக்கொடுப்பா"ன்னு கேட்டா. அப்பனுக்குப் பெருமை தாங்கலை. ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம பள்ளிக்கூடத்துக் காலி பார்க்கிங்ல ஓட்டினோம். நடுவுல ஒருநாள், "அப்பா, கியர்கிட்டேர்ந்து கால்ல சூடா காத்து அடிக்குது"ன்னா. "ஹீட்டரைக் குறைச்சு வெய்யி, ரோட்டைப் பாரு"ன்னுட்டேன்.

அப்புறம் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பிச்சுது. ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போக மாட்டேங்குது. மண்ணுக்குள்ள குச்சியை விட்டு ஆட்டுற மாதிரி ஒரு வறட்சி. நியூட்ரல்ல லிவர் லொடலொடன்னு ஆடுது. ஒரு சிக்னல்ல அவ கியர் விழாம திணற, பின்னால நாலு வண்டி ஹாரன் அடிக்க, நான் கத்திட்டேன். "கிளட்ச்சை முழுசா மிதிக்காம இழுத்து இழுத்தே கியர்பாக்ஸைக் காலி பண்ணிட்டே!" அவ ஒண்ணும் சொல்லலை. ஓரமா நிறுத்தினா, சாவியைக் கையில கொடுத்தா, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் வண்டி பக்கமே வரலை.

ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேரெல்லாம் வேண்டாம். கியர்பாக்ஸ் எண்ணெய் ரெண்டு லிட்டரையும் மாத்திட்டு, அப்பவும் சரியாகலைன்னதும் கியர்பாக்ஸே போச்சுன்னுட்டாங்க. மூவாயிரம் டாலர். தங்கமணி, "ஏங்க, வித்துத் தொலைச்சுடுங்களேன்"னாங்க. விக்கிறதுக்குப் படம்கூட எடுத்துட்டேன்.

ராத்திரி மனசு கேக்காம கராஜ்ல போய் உட்கார்ந்து, எஞ்சினை ஆன் பண்ணாமலே லிவரை ஆட்டிப் பார்த்தேன். அதே வறட்சி, அதே முரண்டு. அப்பத்தான் உறைச்சுது. கிளட்ச் சரியா விலகலைன்னா எஞ்சின் ஓடும்போதுதானே கியர் விழாது? கியர்பாக்ஸுக்குள்ள பல் இணைக்கிற பித்தளை வளையம் தேஞ்சிருந்தா 'கர்ர்'ருனு சத்தம் வரணுமே? நின்ன வண்டியில, நியூட்ரல்ல லிவரை ஆட்டவே கஷ்டமா இருந்தா கோளாறு லிவர்லதானே இருக்கணும்? சந்தேகத்துக்கு, இந்த வண்டிங்கள்ல அடிக்கடி கசியற கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரையும் குனிஞ்சு பார்த்தேன். காஞ்சு சுத்தமா இருந்துச்சு.

சனிக்கிழமை பிரிச்சேன். எஞ்சின் ஆறி இருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். கியர் குமிழைத் திருகிக் கழட்டி, நடு கன்சோலைத் தூக்கினேன் (ஜன்னல் ஸ்விட்ச் அதுலதான் இருக்கு, ஒயரைப் பிடுங்கிட்டுத் தூக்குங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு தனிச் செலவு). மேல தெரியற தோல் உறை சும்மா அழகுக்கு. அதுக்குக் கீழ ஒரு பெரிய ரப்பர் உறை, அதுக்கும் கீழ லிவரோட இடுப்பைக் கட்டிப் பிடிச்ச மாதிரி ஒரு சின்ன ரப்பர்.

ரெண்டும் கிழிஞ்சு தொங்குது.

கொஞ்ச நேரம் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷ ரப்பர், யார் செஞ்சாலும் கிழியத்தான் செய்யும். அந்த ஓட்டை வழியாத்தான் கீழ ஓடற புகைக்குழாயோட சூடு மேல வந்திருக்கு. பொண்ணு அன்னிக்கே சொல்லியிருக்கா. நான் ஹீட்டரைக் குறைக்கச் சொன்ன மகானுபாவன்.

மிச்சம் மூணு போல்ட். கழட்டி லிவரை மேல உருவினா, அது உட்கார்ந்திருந்த இடம் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கு. டரட்னு சொல்லுவாங்க. விஷயமே இங்கதான் இருக்கு: இந்த அஞ்சு கியர் பெட்டியில, இந்தக் கிண்ணத்துக்குன்னு தனியா எண்ணெய் உண்டு. கீழ கியர்பாக்ஸ்ல எத்தனை லிட்டர் மாத்தினாலும் ஒரு சொட்டு இதுக்கு வந்து சேராது. அளவு சுமார் 90 மில்லி. நம்மூர்ல அதுக்கு 'கட்டிங்'னு பேரு :)

என் கிண்ணத்துல அடியில கறுப்பா ஒரு பிசுக்கு. அவ்வளவுதான். லிவரோட அடிக்குமிழுக்கு ஒரு நைலான் தொப்பி இருக்கும், அது தேஞ்சு ஒரு பக்கம் பிளந்திருந்துச்சு. அந்த லொடலொடப்பு இதனாலதான். (லிவரை உருவும்போது தொப்பி சில சமயம் உள்ளேயே தங்கிடும். தேடி எடுத்துடுங்க. ஓட்டையைத் துணியால மூடி வைங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தா அப்புறம் நிஜமாவே மூவாயிரம் டாலர்.)

பாகங்கள் வர ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு ரப்பர், நைலான் தொப்பி, ஒரு பாட்டில் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 எண்ணெய். எல்லாம் நூறு டாலருக்குள்ள. பழைய பிசுக்கை சிரிஞ்சால உறிஞ்சி, துடைச்சு, புது எண்ணெயை ஊத்தினேன். சிலர் இங்க கிரீஸை அப்புவாங்க. குமிழ்லயும் தொப்பியிலயும் லேசாத் தடவலாம், தப்பில்லை. ஆனா கிண்ணத்துக்கு எண்ணெய்தான், லிவர் ஆட ஆட அதுதான் திரும்பி வந்து நனைக்கும். டபிள்யூடி-40 அடிச்சா? ரெண்டு நாள் சுகம், அப்புறம் பழைய குருடி.

மாட்டி முடிச்சு ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டேன். 'டக், டக், டக்.' குளிர்ல காலையில முதல் ரெண்டு நிமிஷம் ரெண்டாவது கியர் கொஞ்சம் சோம்பல் முறிக்கும். அது இந்த கியர்பாக்ஸோட சுபாவம், எண்ணெய் சூடானா சரியாயிடும்.

கிழிஞ்ச ரப்பரை எடுத்துக்கிட்டு மேல போனேன். அவ படிச்சுக்கிட்டிருந்தா. மேஜை மேல வெச்சு, "உன் மேல தப்பில்லைம்மா. இதுதான் கிழிஞ்சிருந்துச்சு. நீ காத்து வருதுன்னு சொன்னப்பவே பார்த்திருக்கணும். ஸாரி"ன்னேன். கறுப்பா எண்ணெய் ஒட்டின ரப்பரை ஒரு விரலால தள்ளி, "என் நோட்டு மேல வெக்காதப்பா"ன்னா. அவ்வளவுதான். நானும் ஒண்ணும் பேசாம இறங்கி வந்துட்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஒன்பது மணிக்கு ஷூ போட்டுக்கிட்டு வந்து சாவிக்குக் கையை நீட்டினா. நான் பக்கத்து சீட்டுல வாயைத் திறக்காம உட்கார்ந்தேன். ரெண்டு தடவை அணைச்சா, மூணாவது தடவை கிளம்பிட்டா. போன தடவை திணறின அதே சிக்னல்ல பச்சை விழுந்துச்சு. ஒண்ணு, ரெண்டு. அதைத் தாண்டின அப்புறம்தான் வலது காலைக் காட்டி, "இப்போ காத்து வரலை"ன்னா.