ஆங்கில எழுத்துப் பிழையும் நம் செவிச் செல்வமும்



ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில் ‘அட்வைஸ்’ என்னும் சொல் வந்ததும் உங்கள் பேனா நின்றதுண்டா? கடைசியில் ‘சி’ எழுத்தை இடுவதா, ‘எஸ்’ எழுத்தை இடுவதா என்று ஐயுற்று, அருகிலிருப்பவரைக் கேட்கவும் கூச்சப்பட்டு, ஏதோ ஒன்றை எழுதி அனுப்பியதுண்டா? உண்டு என்றால் வருந்தாதீர்கள். அந்த ஐயத்தைத் தீர்க்கும் திறன் உங்களிடமே இருக்கிறது. அதை உங்களுக்கு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும் இடங்கள் பல. அறிவுரை என்னும் பொருள் தரும் ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல். அதில் ‘சி’ வரும். அறிவுரை கூறு என்னும் பொருள் தருவது வினைச்சொல். அதில் ‘எஸ்’ வரும். கருவியைக் குறிக்கும் ‘டிவைஸ்’ என்பதில் ‘சி’. திட்டமிட்டு உருவாக்கு என்னும் வினையில் ‘எஸ்’. தமிழ் எழுத்தில் அச்சிட்டால் இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, பாருங்கள்! தொல்லையின் வேர் இங்கேதான் உள்ளது. தமிழில் எழுதிவைத்துப் படித்தால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. செவியால் கேட்டால் அது வெளிப்பட்டுவிடுகிறது.

பெயர்ச்சொல்லின் இறுதியில் வருவது நாம் அரபு எழுத்துகளில் பயின்ற ‘ஸீன்’ ஓசை. வினைச்சொல்லின் இறுதியில் வருவது ‘ரா’வின் மேல் ஒரு புள்ளி வைத்த ‘ஸாய்’ ஓசை. தொண்டையில் இரு விரல்களை வைத்து இரண்டையும் ஒலித்துப் பாருங்கள். ‘ஸீன்’ ஒலிக்கும்போது தொண்டை அசைவதில்லை. ‘ஸாய்’ ஒலிக்கும்போது வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்கிறது. மத்ரஸாவில் இவ்விரண்டையும் மாற்றி ஓதியபோது உஸ்தாத் எத்தனை முறை நிறுத்தித் திருத்தியிருப்பார்! அந்தப் பயிற்சி ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இதோ இன்னொரு சான்று. மூச்சு என்னும் பொருள்தரும் ‘ப்ரெத்’ பெயர்ச்சொல். அதன் இறுதி ஓசை மூன்று புள்ளி வைத்த ‘ஸா’ எழுத்துக்கு உரியது. மூச்சுவிடு என்னும் பொருள்தரும் ‘ப்ரீத்’ வினைச்சொல். அதன் இறுதி ஓசை மேலே ஒரு புள்ளி வைத்த ‘தால்’ எழுத்துக்கு உரியது. எழுதும்போது வினைச்சொல்லின் கடைசியில் மட்டும் ஓர் ‘ஈ’ சேர்கிறது. துணியைக் குறிக்கும் ‘க்ளாத்’, உடுத்து என்னும் ‘க்ளோத்’. குளியலைக் குறிக்கும் ‘பாத்’, குளி என்னும் ‘பேத்’ ஆகிய இணைகளும் இவ்வாறே. நம்பிக்கை ‘பிலீஃப்’, நம்பு ‘பிலீவ்’. சான்று ‘ப்ரூஃப்’, நிறுவு ‘ப்ரூவ்’ என்பனவற்றிலும் பெயரின் ‘எஃப்’ ஓசை அதிராது. வினையின் ‘வி’ ஓசை அதிரும்.

இப்படி ஏன் அமைந்தது? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய ஓசைகள் இரண்டு உயிரோசைகளுக்கு நடுவே வந்தால் அதிர்ந்து ஒலித்தன. வினைச்சொற்களின் இறுதியில் உயிரோசையோடு கூடிய விகுதிகள் நின்றதால் அவற்றுக்கு இந்த அதிர்வு வாய்த்தது. காலப்போக்கில் விகுதி தேய்ந்து போயிற்று. அதிர்வு மட்டும் நிலைத்துவிட்டது. இதே முறையைப் பின்பற்றிப் பிற்காலச் சொற்களும் அமைந்தன.

தாய்மொழியிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. பேசு என்பது வினை. பேச்சு என்பது பெயர். எழுது என்பது வினை. எழுத்து என்பது பெயர். பாடு என்பது வினை. பாட்டு என்பது பெயர். வினையில் மெலிந்து ஒலிப்பது பெயரில் இரட்டித்து வன்மையாக ஒலிக்கிறதல்லவா? காரணம் வேறாக இருப்பினும், வினைக்கு மெலிவு, பெயருக்கு வலிவு என்னும் பாங்கு நம் செவிக்குப் புதிதன்று.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியது எதுவாயினும் ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். ஒருநாள் ஒரு சகோதரி தம் மகளை அழைத்துவந்து, “காக்கா, இவள் இனிமேல் இங்கிலீஷில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிறாள்” என்று கண்கலங்கினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று, அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண் அவள். உதவித்தொகை வேண்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘எஸ்’ எழுதிவிட்டாள். அங்கிருந்த ஒருவர் அதைப் பிறர் கேட்க உரக்கப் படித்து நகைத்திருக்கிறார். அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விண்ணப்பத்துக்கான இறுதி நாளும் கடந்துவிட்டது. ஓர் எழுத்து மாறியதால் அவள் இழந்தது ஓராண்டுக் கல்விக் கட்டணம்!

அவளிடம் நான் இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. “மகளே, ஸீனையும் ஸாயையும் ஓதிக் காட்டு” என்றேன். பிசகின்றி ஓதினாள். “இதில் முன்னது பெயர், பின்னது வினை” என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, அவளே பத்து இணைச் சொற்களைத் தாளில் எழுதி நீட்டினாள். ஒன்றிலும் பிழையில்லை.

எனினும் எல்லாச் சொற்களும் இவ்விதிக்கு அடங்கிவிடா. ‘ப்ராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ ஆகிய இரண்டிலும் பெயருக்கும் வினைக்கும் ஓசை ஒன்றே. நம் நாட்டில் வழங்கும் பிரிட்டிஷ் முறைப்படி பெயருக்குச் ‘சி’, வினைக்கு ‘எஸ்’. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமம் ‘சி’ எழுத்தோடுதான் இருக்கிறது. அமெரிக்க முறையோ வேறு: ‘ப்ராக்டிஸ்’ இரண்டு நிலையிலும் ‘சி’; ‘லைசென்ஸ்’ இரண்டு நிலையிலும் ‘எஸ்’. ஆகவே சபர் சென்று அமெரிக்க நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அங்குள்ள வழக்கத்தைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. ‘நோட்டீஸ்’, ‘ப்ராமிஸ்’ போன்றவை பெயரிலும் வினையிலும் மாறுவதேயில்லை. நம் ‘பாராட்டு’ என்னும் சொல் இரண்டுக்கும் நிற்பதுபோல.

தொலைந்துபோன பாஸ்போர்ட் பற்றி எழுதும்போது பலர் இடறுவதுண்டு. இழப்பு என்னும் பெயர் ‘லாஸ்’. அதில் இரண்டு ‘எஸ்’. இழ என்னும் வினை ‘லூஸ்’. அதில் ஓர் ‘ஓ’, இறுதியில் ஸாய் ஓசை. இரண்டு ‘ஓ’ இட்டால் ஸீன் ஓசை பெற்று, ‘தளர்வான’ என்று பொருள் மாறிவிடும்.

‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்பவை வேறு வகை. ‘ஏ’ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் வினை: பாதி, தாக்கு என்பது பொருள். ‘ஈ’ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் பெயர்: விளைவு என்பது பொருள். அகரவரிசையில் ‘ஏ’ முந்தியது, ‘ஈ’ பிந்தியது. உலகிலும் செயல் முந்தியது, விளைவு பிந்தியது. இந்த வரிசையை மனத்தில் இருத்தினால் போதும்.

“கைப்பேசியே பிழைதிருத்தும் காலத்தில் இவையெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அறிவுரைக்குரிய இரண்டு வடிவங்களும் அகராதியில் உள்ள சரியான சொற்கள்தாம். அதனால் எழுத்தை மட்டும் சரிபார்க்கும் கருவி, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்திருப்பதைக் கவனியாமல் விட்டுவிடக்கூடும். பொருளறிந்து தேர்ந்தெடுக்க வேண்டியவர் எழுதுபவரே.

ஆகவே சகோதர சகோதரிகளே, இன்றிரவு பிள்ளைகள் பாடம் படிக்க அமரும்போது நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உடன் அமருங்கள். ஐந்தே இணைகளை எழுதி, தொண்டையில் விரல் வைத்து அனைவரும் உரக்கச் சொல்லுங்கள். தாம் படிக்கவில்லையே என்று ஏங்கும் உம்மாவும் அவர்களோடு சேர்ந்து சொல்லட்டும். எழுதத் தெரியாவிட்டாலும் ஓசையைப் பிரித்தறிய அவருக்குத் தெரியும். ஒரு பிள்ளை தவறாக எழுதிவிட்டால் சிரித்துவிடாதீர்கள். “எங்கே, இன்னொரு முறை சொல், கேட்போம்” என்று மட்டும் கூறுங்கள்.