யாரிடம் கற்றாய்?

அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டை முடிக்கும்போது ஒரு கடனைத் தீர்த்தாக வேண்டும். எந்த முறையை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், எந்த அளவீட்டை எவர் முன்பே செய்திருந்தார் என்பதை வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் ஏடு ஏற்கப்படுவதில்லை. ஓவியம் பயிலும் மாணவர்க்கும் இத்தகைய கடன் ஒன்று உண்டு. பட்டம் பெறும் ஆண்டில் அவர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். காட்சியோடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். யாருடைய தாக்கம் தம்மிடம் உண்டு, எவ்வாறு பணி செய்கிறோம் என்பதே அக்குறிப்பின் பொருள்.

நான் குடியிருப்பது பெங்களூர் மர்பி டவுனில். பழைய மதராஸ் சாலையும் அல்சூர் ஏரியும் அருகில் இருப்பதால் ஊரை விட்டு வந்த தமிழனுக்கு அங்கே மொழித் தனிமை இல்லை. காய்கறி வாங்குவது தமிழில், பேருந்தில் கன்னடம், ஆய்வகத்தில் ஆங்கிலம். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் பெயர்ப்பலகை எழுதுபவர். அவருடைய தந்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவராம். அவருடைய மகள் நகரத்து ஓவியக் கல்லூரி ஒன்றில் இறுதி ஆண்டு பயில்கிறாள். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றே அவளுடைய பணிக்கூடம்.

ஒரு மாலை அவள் தன் குறிப்பைக் கொண்டுவந்து, “அண்ணா, இங்கிலீஷ் சரியா இருக்கா, கொஞ்சம் பாருங்க” என்றாள். பார்த்தேன். மொழியில் பிழை அதிகமில்லை. வான் கோ இருந்தார், பால் கிளீ இருந்தார், பிக்காசோ இருந்தார், நம்மவருள் கே.சி.எஸ். பணிக்கர் இருந்தார். ஆனால் மாடியில் நான் கண்டிருந்த படங்களோ வேறு ஒன்றைச் சொல்லின. அவள் துணியில் எழுதுவதில்லை. கடைக்காரர்கள் கழற்றி எறிந்த பழைய தகரப் பலகைகளில் எழுதுகிறாள். அவள் கையாள்வது பலகை எழுதும் எனாமல் வண்ணமே. கன்னட எழுத்தின் வளைவும் தமிழ் எழுத்தின் சுழியும் பெரிதாகி, பாதி அறுபட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் படங்கள் அவை.

“இதில் உன் அப்பா எங்கே?” என்று கேட்டேன்.

அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அது தொழில்தானே அண்ணா. கலை இல்லையே. அதை எழுதினா சிரிப்பாங்க” என்றாள்.

இந்த விடையே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தொழில் வேறு, கலை வேறு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? நம் முன்னோர் சொல்லவில்லை. பழந்தமிழ் நூல்களில் ஓவியருக்குக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று ஒரு பெயர் உண்டு. வினைஞர் என்றால் தொழில் செய்பவர். காண்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்பது அப்பெயரின் கருத்து. அவர்களைப் பெருமைப்படுத்த வந்த பெயரிலேயே தொழில் இருக்கிறது.

தென்னாட்டில் ஓவியக் கல்வி வளர்ந்த வரலாறும் இதையே காட்டுகிறது. சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். நீண்ட காலம் அதன் பெயரிலேயே கலையும் கைத்தொழிலும் சேர்ந்து நின்றன. அதன் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் வங்கத்து அபநீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு. ராய் சௌத்ரியிடம் பயின்றவருள் ஒருவர் பணிக்கர். 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் அப்பள்ளியின் முதல்வரானார்.

பணிக்கரின் வாழ்வை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நலம். அவர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்ப வறுமையால் பதினெட்டு வயதில் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியப் பள்ளியில் மாணவராக அவர் நுழைந்தது 1936-இல், இருபத்தைந்தாம் வயதில். இன்று நாம் இருபத்திரண்டு வயதில் வழி தெரியவில்லையே என்று கலங்குகிறோம்!

தொடக்கத்தில் அவர் தீட்டியவை கேரளத்துத் தோப்பும் நீருமாகிய நீர்வண்ண நிலக்காட்சிகள். 1954-இல் லண்டனிலும் பாரிசிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பினார். மேனாட்டுப் புதுமையைக் கண்ட பின் அவர் நெஞ்சில் எழுந்த வினா, நம் மண்ணிலிருந்து புதுமையாக எதை எடுப்பது என்பதாகும். விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1963-இல் கணிதக் குறியீடுகளையும் எண்களையும் ரோமன் எழுத்துகளையும் படத்தில் புகுத்தத் தொடங்கினார். விரைவில் ரோமன் எழுத்து விலகியது. மலையாள எழுத்து வந்தது. ஜாதகக் கட்டம் வந்தது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று அத்தொடருக்குப் பெயர். வீட்டுப் பரணில் கிடக்கும் ஜாதக ஏட்டைப் போன்ற தோற்றம். ஆனால் படித்தால் பொருள் வராது. பார்ப்பதற்கென்றே எழுதிய எழுத்து அது.

மர்பி டவுன் மாணவி பணிக்கரைத் தன் பட்டியலில் எழுதியது சரியே. ஆனால் பணிக்கரிடமிருந்து கற்க வேண்டிய முதற்பாடம், தன் வீட்டில் கிடப்பதை எடுத்துப் பார் என்பதுதான். அவர் வீட்டில் ஜாதகம் கிடந்தது என்றால், இவள் வீட்டில் பெயர்ப்பலகை கிடக்கிறது.

மற்றொருவரையும் நினைக்கலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த கே.எம். ஆதிமூலம், சிற்பி எஸ். தனபாலைக் குருவாகக் கொண்டு, 1966-இல் சென்னையில் படிப்பை முடித்தார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, மையும் பேனாவும் மட்டும் கொண்டு அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் ஏறத்தாழ 100. கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டு எழுத்துக்கு அவர் வரைந்த படங்களை ஜூனியர் விகடன் வாசகர்கள் அறிவார்கள். பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் உருவமற்ற பெரும் ஓவியங்கள் தீட்டினார். அதே கைதான் தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து எழுதிக் கொடுத்தது. 2008-இல் அவர் மறைந்தபோது, ஓவியத்தை இழந்த அளவுக்குத் தமிழ் எழுத்தின் அழகும் ஓர் உறவை இழந்தது. எழுத்து எழுதுவது கீழான வேலை என்று அவர் எண்ணியிருந்தால் நமக்கு நட்டம்.

இனிப் பணிக்கூடத்துக்கு வருவோம். ஓவியர் என்றால் உள்ளக் கிளர்ச்சி வந்தபோது தூரிகை எடுப்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். மாடியில் நான் கண்டது அதுவன்று. தகரக் கூரை சூடேறுமுன் வேலை முடிய வேண்டுமாதலால் அவள் காலை ஐந்தரை மணிக்கு ஏறுகிறாள். முதல் அரைமணி நேரம் ஒரே எழுத்தைப் பழைய செய்தித்தாளில் திரும்பத் திரும்ப எழுதுகிறாள். ஒரு நாள் தமிழ் ‘அ’. மறுநாள் கன்னட ‘ஷ’. அதன் பிறகே பலகை. ஞாயிறு காலையில் அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குச் சென்று தூண் சிற்பங்களைப் பென்சிலால் வரைகிறாள்.

தந்தையின் வேலையை அருகிருந்து பார்த்தால் அதிலுள்ள நுட்பம் விளங்கும். சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துத் தட்டி மேற்கோடும் கீழ்க்கோடும் இடுகிறார். இடக்கையில் ஒரு கோலைப் பலகைமேல் சாய்த்து, அதன்மேல் வலக்கையை ஊன்றி எழுதுகிறார்; கை நடுங்காது, ஈர வண்ணத்திலும் படாது. வட்டமான எழுத்தை எழுதும்போது அது கோட்டை இம்மியளவு தாண்டி நிற்கும். ஏன் என்று கேட்டேன். “கோட்டுக்குள்ளேயே நிறுத்தினா சின்னதா தெரியும் தம்பி. அளவுகோல் சரின்னு சொல்லும், கண்ணு ஒத்துக்காது” என்றார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே அவர் விடும் வெளியும் அப்படித்தான். நேர்க்கோட்டு எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் இடைவெளி அதிகம்; வட்டங்கள் இரண்டு வந்தால் குறைவு. அச்செழுத்து வடிவமைப்போர் உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி இது. அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

வண்ணத்தின் இயல்பிலும் தந்தையின் பாடமே மகளுக்கு வழிகாட்டுகிறது. எனாமல் உலர்வது ஈரத்துணி உலர்வது போன்றதன்று. கரைப்பான் ஆவியான பிறகு, வண்ணத்திலுள்ள எண்ணெய்ப் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகிறது. தடித்துப் பூசினால் மேற்பரப்பு முதலில் தோல் கட்டும், அடியில் ஈரம் நிற்கும், சுருக்கம் விழும். இது எனக்கு வேதியியல். அவளுக்கோ, “மெல்லிசா இழு, மூணு தடவை இழு” என்று சிறுவயதில் கேட்ட சொல். அந்தச் சுருக்கத்தையே சில படங்களில் வேண்டுமென்று வரவழைத்து, பழைய சுவரின் தோற்றத்தைக் கொண்டுவருகிறாள். தந்தை தவறு என்று ஒதுக்கியதை மகள் பயனாக்கிக்கொண்டாள். தாக்கம் என்பது இப்படியும் வரும். பெற்றதைப் பெற்றபடியே வைத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

இவ்வளவு இருந்தும் அவள் நாணியதற்கு வேறொரு காரணம் உண்டு, அது பிழைப்பு. கணினியில் அச்சிடும் பிளெக்ஸ் பதாகை வந்தபின் கையெழுத்துப் பலகைக்கு மதிப்புக் குறைந்தது. அவள் தந்தை பல மாதங்கள் வீட்டுச்சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார். 2024-இல் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சில நாட்கள் வேலை நெருக்கியது. பிறகு பழையபடி ஆயிற்று. ஆகவே மகளுக்குக் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் படம் வரையும் வேலை வரும்போல் இருக்கிறது என்றதும் அவர், “மாசச் சம்பளம்மா, விட்டுடாதே” என்கிறார். அவர் சொல்வதில் பிழை என்ன? அவளோ, அந்த வேலைக்குப் போனால் காலை ஐந்தரை மணி போய்விடும் என்று அஞ்சுகிறாள்.

இதே வினா அறுபது ஆண்டுகளுக்கு முன் பணிக்கரின் மாணவர்கள் முன்னும் நின்றது. படிப்பு முடிந்ததும் பலர் வேறு வேலைக்குப் போய் ஓவியத்தை விட்டுவிடுவதை அவர் கண்டார். அதற்கு அவர்கள் கூடிக் கண்ட வழி கைத்தொழில். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாடிக் துணி முதலான பொருள்களைச் செய்து விற்றனர். சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். வயிற்றுக்குக் கைத்தொழில், மிஞ்சிய பொழுதெல்லாம் ஓவியம், சிற்பம். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. அதை அமைத்தவருள் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவ் மைசூரில் பிறந்து சென்னைக்குச் சென்று பயின்றவர். பின்னர் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர். செப்புத் தகட்டிலும் நெசவிலும் அவர் செய்த படைப்புகளைக் கண்டவர்கள், கைத்தொழில் கலையைக் கெடுக்கும் என்று சொல்லமாட்டார்கள்.

சோழமண்டலத்துக் கணக்கை அப்படியே இன்றைய பெங்களூருக்குப் பொருத்த முடியாது. இங்கே 10 ஏக்கர் நிலம் யாருக்குக் கிடைக்கும்? எனினும் அதன் அடிப்படை பொருந்தும். சோற்றுக்கு ஒரு தொழில் செய்வது இழுக்கன்று. தனக்கென்று ஒரு பொழுதை எவர்க்கும் விற்காமல் வைத்துக்கொள்வதே வேண்டுவது. தந்தையும் மகளும் இதைப் பற்றித்தான் இப்போது இரவு உணவின்போது பேசிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போவதா, நேரம் குறைந்த வேறு வேலை தேடுவதா என்று இதை எழுதும் நாள்வரை முடிவாகவில்லை.

ஆனால் குறிப்பு முடிவாயிற்று. நான் மேலே சொன்னவற்றை எல்லாம் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திருத்திய படியைக் கொண்டுவந்தாள். பட்டியலின் முதல் வரியில் அவள் தந்தையின் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘பெயர்ப்பலகை ஓவியர், மர்பி டவுன்’ என்றிருந்தது. வான் கோவும் கிளீயும் அவருக்குப் பின்னால் இருந்தனர்.

அதைத் தந்தைக்குத் தமிழில் படித்துச் சொன்னபோது நானும் உடன் இருந்தேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முகத்தைச் சுளித்தார். “என் பேரு மட்டும் போட்டா எப்படி? எனக்குத் தூரிகை பிடிக்கக் கத்துக் கொடுத்தவர் சிவாஜி நகர்ல சினிமா பேனர் எழுதினவர். அவர் பேரை விட்டுட்டு என் பேரைப் போட்டா அவருக்குத் துரோகம்” என்றார். அவள் உடனே பேனாவை எடுத்து அந்தப் பெயரையும் எழுதினாள். எழுத்துக்கூட்டு சரியா என்று இருமுறை கேட்டுக்கொண்டாள்.

நம் சங்கத்து நண்பர்களுள் பலர் இவ்வாண்டு ஆய்வேடு எழுதுகிறோம். நன்றியுரைப் பக்கத்தில் பேராசிரியர்களையும் நிதி தந்த அமைப்புகளையும் எழுதுவோம்; எழுதத்தான் வேண்டும். அதை முடிக்குமுன், நாம் எதையேனும் பொறுமையாகச் செய்யக் கற்றது முதன்முதலில் யாரிடம் என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்ப்போமாக. அது நெசவுத் தறியில் அமர்ந்த தாயாக இருக்கலாம். கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தாவாக இருக்கலாம். அவர் பெயருக்கும் அங்கே ஒரு வரி இடம் உண்டு.