யாரிடமும் முழுசாய்ச் சொல்லவில்லை!

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல வீட்டோடு இருக்கும் சகோதரிகள் நாலு பேருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் எழுதத் துணிந்தேன்.

போன வருடம் ஒரு நாள். மணி மூன்றரை இருக்கும். அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். தமிழ்தான் பேசினான். ஆனால் நம் பக்கத்துத் தமிழ் இல்லை. மூத்தவனின் பெயரைச் சொல்லி, "அவனோட அம்மாதானே?" என்று கேட்டான். பையன் மும்பையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்தக் கம்பெனி பெயரையும் சரியாகச் சொன்னான். அவன் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறதாம், அதற்குள் போதைப் பொருள் இருந்ததாம், அவன் இப்போது போலீஸ் காவலில் இருக்கிறானாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "எங்க வீட்டுக்காரர் வரட்டும், பேசச் சொல்லுதேன்" என்றேன்.

"அவர் கடல்லதானே இருக்கார்? சாயங்காலம்தானே வருவார்? அதுக்குள்ள எஃப்.ஐ.ஆர். போட்டுருவாங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு தெரிந்தவன் போலீஸ்காரனாகத்தானே இருக்க முடியும்? அடுத்து வீடியோவில் வந்தான். காக்கிச் சட்டை, பின்னால் ஒரு கொடி. போனை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றான். 60,000 ரூபாய் கட்டினால் பெயரை எடுத்துவிடலாம் என்றான். சீட்டுப் பணம் முந்தின வாரம்தான் பாங்கியில் போட்டிருந்தது. அதுவும் சரியாக 60,000!

நல்ல வேளை, அந்த நேரம் பார்த்துச் சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "எம்மா, போனைக் குடு" என்று பிடுங்கி அணைத்துவிட்டு, அண்ணனுக்குப் போட்டாள். அவன் கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் உடனே 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தாள். பணம் போகவில்லை. ஆனால் மனசு போய்விட்டதே!

ராத்திரி இவுக வந்து விஷயம் கேட்டதும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "நீதான் யார்கிட்டயாவது உளறியிருப்ப." எனக்குச் சுருக்கென்றது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதவள் என்று மாமியாரிடமே பெயர் வாங்கியவள் நான். யாரிடமும் முழுசாக ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினேன்.

"முழுசாச் சொல்லலம்மா. துண்டு துண்டாச் சொல்லியிருக்க" என்றாள் மகள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

மூத்தவன் வேலையில் சேர்ந்த அன்று கம்பெனிப் பலகைக்குக் கீழே நின்று எடுத்த படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அது ஒன்று. இவுக வள்ளம் கடலுக்குப் போகும்போது படம் பிடித்து, "மாதாவே, சாயங்காலம் பத்திரமாய்க் கொண்டுவந்து சேரும்" என்று போடுவேன். அது இரண்டு. சீட்டு எடுத்தவர்கள் பெயரையும் தொகையையும் சீட்டுக் குழுவில் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் யார் யாரோ இருக்கிறார்கள். அது மூன்று. ஆன்லைனில் குக்கர் வாங்கிய அட்டைப் பெட்டியில் என் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருந்தது. கிழிக்காமல் குப்பையில் போட்டேன். அது நான்கு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாலையும் சேர்த்தால் எங்கள் குடும்பமே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது!

"இதுக்குப் பேரே இருக்கும்மா. ஒரு அம்மா இதைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. கொழும்புக்காரங்க, தமிழ்தான்" என்றாள்.

கொழும்பு என்றதும் காது நிமிர்ந்தது. எங்கள் கரைக்குக் கொழும்பு அந்நியம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து தோணியிலும் கப்பலிலும் போய் அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. அந்த ஊர்ப் பெண்ணா கம்ப்யூட்டரில் திருடனைப் பற்றி ஆராய்ச்சி பண்ணியிருக்கிறாள் என்று கேட்டேன்.

அவர் பெயர் பவானி துரைசிங்கம். கொழும்பில் பிறந்து, அப்போதைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1975-இல் கணிதமும் பௌதிகமும் படித்துப் பட்டம் பெற்றவர். பிறகு இங்கிலாந்தில் பிரிஸ்டலில் மேல்படிப்பு. வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸீ என்ற ஊரில் 1979-இல் டாக்டர் பட்டம். அப்புறம் அமெரிக்கா. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, 1989-இல் மைட்டர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். தகவல் களஞ்சியங்களை எப்படிப் பூட்டி வைப்பது என்பதுதான் அவருடைய பாடம். தகவல் குவியலில் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்பதும் அவருடைய பாடம்தான். பூட்டவும் தெரியும், தோண்டவும் தெரியும்!

அவர் பல காலம் ஆராய்ந்த விஷயத்தை 'அனுமானச் சிக்கல்' என்று தமிழில் சொல்லலாமாம். ஒருவருக்கு ரகசியத்தைக் காட்டாமல் பூட்டிவிட்டோம். ஆனால் ரகசியமில்லாத சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்டுக் கேட்டு, சேர்த்து வைத்து, அவர் ரகசியத்தை ஊகித்துவிட்டால்? அதைத் தடுப்பது எப்படி?

இதைக் கேட்டு இவுக சிரித்துவிட்டார்கள். "இது என்ன பெரிய ஆராய்ச்சி! நம்ம கடக்கரையில எல்லாரும் செய்யுததுதான்" என்றார்கள். வாஸ்தவம்தான். நல்ல மீன் கிடைத்த இடத்தை எந்த மீனவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். ஆனால் பக்கத்து வள்ளத்துக்காரன் விடுவானா? எத்தனை மணிக்குப் போனான், எத்தனை லிட்டர் டீசல் போட்டான், எவ்வளவு ஐஸ் ஏற்றினான், காற்று எந்தப் பக்கம், வலையில் ஒட்டியிருப்பது சேறா மணலா என்று பார்த்தே இடத்தைச் சொல்லிவிடுவான். டீசல் கணக்கு ரகசியமா? இல்லை. ஐஸ் கணக்கு? அதுவும் இல்லை. சேர்த்தால்தான் ரகசியம்.

1990-இல் அந்த அம்மாள் கணக்குப் போட்டு நிரூபித்தது என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தீர்வு முறை கிடையவே கிடையாது என்பதுதான். எந்த இயந்திரமும், 'இந்தத் துண்டைக் கொடுக்கலாம், இந்தத் துண்டைக் கொடுக்கக் கூடாது' என்று எப்போதும் தப்பாமல் சொல்லிவிட முடியாது. ஓரளவு தடுக்கலாம், அவ்வளவுதான். மகள் இதைச் சொன்னபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. இத்தனை படித்தவர்களுக்கே முழுசாகத் தடுக்க முடியாத ஒன்றில்தான் நானும் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

தகவலைத் தோண்டுவது என்றால் என்ன என்று கேட்டேன். அதற்கும் எங்கள் ஊரிலேயே உதாரணம் கிடைத்தது. என் தாத்தா சங்கும் முத்தும் குளித்தவர். தூத்துக்குடிக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்தில் எடுத்த எடுப்பிலே எல்லாரையும் இறக்கிவிட மாட்டார்களாம். முதலில் பாரைச் சோதிக்க நாலைந்து பேரை இறக்கி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அழுகவிட்டுக் கழுவி, முத்தைச் சல்லடையில் சலித்து, பெரிசு சிறிசு பிரித்து விலை போட்டுப் பார்ப்பார்கள். அதை வைத்து, மொத்தப் பாரும் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வார்கள். கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்வது, குப்பையிலிருந்து முத்தைப் பிரிப்பது. கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது, சிப்பிக்குப் பதிலாக நம்மைச் சலிக்கிறது!

இனிதான் எனக்குத் தூக்கம் போன பகுதி. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிக்கப்பட்டதே, அதற்குப் பிறகு, குற்றவாளிகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்தச் சல்லடையைப் பயன்படுத்தலாமா என்று அமெரிக்காவில் பெரிய வாதம் நடந்தது. அப்போது பவானி அம்மாள் அங்குள்ள தேசிய அறிவியல் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தார். தகவல் தோண்டலும் பயங்கரவாதத் தடுப்பும் பற்றி 2003-இல் ஒரு புத்தகமும் எழுதினார். நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி எழுதியவர், தனி மனிதரின் அந்தரங்கத்தையும் உரிமையையும் சேர்த்தே எழுதினார். எல்லாருடைய விவரங்களையும் திரட்டிச் சலிக்க அந்த அரசாங்கம் போட்ட ஒரு பெரிய திட்டத்துக்கு 2003-இல் அவர்கள் பாராளுமன்றமே பணம் தராமல் நிறுத்திவிட்டது.

ஏன் இந்தப் பயம்? மகள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு ஊரில் 1 லட்சம் பேர். அதில் 10 பேர் குற்றவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் மீதி 99,990 நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவரை அது தவறாகக் கைகாட்டினால் கிட்டத்தட்ட 1,000 பேர்! அந்தப் 10 பேரைப் பிடிக்க, ஒரு பாவமும் அறியாத 1,000 பேர் வாசலில் போலீஸ் நிற்கும்.

எனக்கு உடனே என் தங்கை முறையானவள் மகன் ஞாபகம் வந்தது. வள்ளத்து என்ஜின் பழுது பார்க்கிறவன். யாரோ ஒரு கடத்தல்காரனின் போனில் இவன் நம்பர் இருந்தது. என்ஜின் ரிப்பேருக்காகக் கூப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். மூன்று நாள் விசாரணைக்கு அலைந்தான். ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பேசி வைத்திருந்த சம்பந்தம் கலைந்துபோயிற்று. எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த நஷ்டக் கணக்கு ஏறியிருக்காது.

நம் நாட்டிலும் போலீஸ் நிலையங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் இணைக்கும் திட்டத்துக்கு 2009-இல் ஒப்புதல் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் 2021-இல் தமிழ்நாடு காவல் துறைக்கு வந்தது. காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்தே தகவல் திருடு போனது. பூட்டுகிற வீட்டிலேயே திருட்டு! அதனால்தான், பூட்டத் தெரிந்தவர்களும் தோண்டத் தெரிந்தவர்களும் மட்டும் போதாது, 'இது நியாயமா' என்று கேட்கிறவர்களும் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பவானி அம்மாள் 2004-இல் டல்லாஸ் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, அங்கே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்து வளர்த்தார். அந்தக் கொழும்புக் கணக்குப் பட்டம் எங்கே, இந்த வேலை எங்கே! கணக்கிலிருந்து தகவல், தகவலிலிருந்து பூட்டு, பூட்டிலிருந்து குற்றம், குற்றத்திலிருந்து மனித உரிமை என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் போயிருக்கிறார்.

இவ்வளவையும் மகள் ஏன் எனக்குச் சொன்னாள் என்பது பிறகுதான் விளங்கியது. அவளுக்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் படிக்க வேண்டுமாம். ஏற்கெனவே அப்பாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்குக் கள்ளனோட என்ன சோலி? டீச்சருக்குப் படி" என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் இத்தனை நாள் அதையேதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கள்ளன் என் அடுக்களைக்கே வந்துவிட்டானே! அவனை விரட்டியது யார்?

"அவ படிக்கட்டும்" என்று முதல் தடவையாக அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். இவுக ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடலிலிருந்து வந்து, வலையைக் கூட இறக்காமல், "காலேஜ் பீஸு எவ்வளவுன்னு விசாரிச்சியா?" என்று கேட்டார்கள்.

சகோதரிகளே, நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டு ஆண்கள் போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் படமாய்ப் போடுவதில்லை. பார்சல் அட்டையில் பெயரையும் நம்பரையும் கிழித்த பிறகுதான் குப்பைக்குப் போகும். பணம் வந்ததைக் குழுவில் எழுதுவதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. போனில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. அப்படி யாராவது மிரட்டினால் முதலில் போனை வையுங்கள், பிறகு பிள்ளைக்குப் போன் பண்ணுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930.

போன வாரம் மகள் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்தாள். அம்மா பெயர், அப்பா தொழில், போன் நம்பர், வருமானம் என்று கட்டம் கட்டமாய்க் கேட்டிருந்தது. "இதெல்லாம் எதுக்குடி இவங்களுக்கு?" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "எம்மா, இப்பத்தான் நீ சரியா கேக்க!"