கனடாச் சோதினையும் உம்மாவின் கணக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற உம்மாமார், அம்மாமார் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்காபரோவில் இருக்கிற எங்கட தங்கச்சிக்குக் கனடாக் குடியுரிமைச் சோதினைக்கு அழைப்பு வந்தது. வந்த அன்றே ஒரு அழுகை. "காக்கா, நான் புத்தளத்தில முகாம் கொட்டில்ல படிச்சவ. இங்கிலீசில கேட்டா எனக்கு என்ன வரும்?" 

"நாங்கள் ஊரில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற ஆள்தானே, பயப்படாதே" என்றோம். சொல்லிவிட்டோமே தவிர, கனடாவைப் பற்றி எங்களுக்கும் குளிரும் இடியப்பக் கடையும் தவிர ஒன்றும் தெரியாது.

அடுத்த நாளில் இருந்து வட்ஸ்அப் வகுப்பு. இங்கே சுபஹ் தொழுதுவிட்டு 5.30 மணிக்கு நாங்கள் இருந்தால், அங்கே அவளுக்கு முதல்நாள் இரவு 8 மணி. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வருவாள். அந்நாட்டு அரசு இலவசமாகத் தருகிற ஒரு புத்தகம் இருக்கிறது. சோதினைக் கேள்விகள் அதில் இருந்துதான். 20 கேள்வி, 15 சரி வந்தால் போதும். 18 வயதில் இருந்து 54 வயது வரை உள்ளவர்கள் எழுத வேண்டும். அவளுக்கு 41.

எங்கட உம்மாவுக்கு 74. தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருப்பா. முதல் கிழமை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் கிழமை தங்கச்சி தலைநகரத்தின் பெயருக்குத் தடுமாற, உம்மா தஸ்பீஹை நிறுத்தாமலே "ஒட்டாவா" என்றா. 10 மாகாணம், 3 ஆட்புலம், 1867இல் கூட்டாட்சி, முதல் பிரதமர் மக்டொனால்ட் என்று உம்மாவும் சேர்ந்து பாடமாக்கிவிட்டா. "எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துத் தருவாங்களா கேளு" என்று பகிடி வேறு.

மூன்றாம் கிழமை ஒரு பக்கம் வந்தது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பக்கம்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பானோடு கனடா போரில் இருக்கிறது. 1942இல், மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளி மக்களைக் கனடா அரசு அங்கிருந்து அகற்றியது. ஏறத்தாழ 22,000 பேர். பெரும்பாலானோர் கனடாவின் குடிமக்கள், பலர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களால் நாட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று இராணுவமும் பொலிசும் சொல்லியும் அரசு கேட்கவில்லை. வீடு, கடை, மீன்பிடி வள்ளம் எல்லாம் விற்கப்பட்டன. போர் முடிந்த பிறகும், 1949 ஏப்ரல் வரை கரைக்குத் திரும்ப விடவில்லை.

தங்கச்சி வாசித்துக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டாள். லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தோம். இல்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று உம்மா கேட்டா. தமிழில் சொன்னோம். வள்ளங்கள் என்றதும் உம்மாவின் விரல் தஸ்பீஹில் நின்றுவிட்டது.

எங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில், வடக்கில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரும் போக வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். மன்னார்த் தீவில் இருந்த நாங்கள் வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போனோம். எங்களுக்கு 11 வயது. தங்கச்சிக்கு 6. அவளுக்கு இன்றைக்கும் கடலில் நனைந்த பாவாடையின் குளிர்தான் ஞாபகம்.

உம்மா கேட்டா: "பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?"

1988 செப்டம்பர் 22ஆம் திகதி, பிரதமர் பிரையன் மல்ரோனி பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார், உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் கொடுத்தார்கள் என்றோம்.

உம்மா காசைப் பற்றிக் கேட்கவில்லை. "எத்தனை வருசத்துக்குப் பிறகு?"

"46."

கொஞ்ச நேரம் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தா. "90ஓட 46. 2036. அப்ப எங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. எனக்குத்தான் 85 ஆகிரும்."

அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

எங்கட கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல என்பது தெரியும். அங்கே வெளியேற்றியதும் அரசு, மன்னிப்புக் கேட்டதும் அரசு. இங்கே வெளியேற்றியவர்கள் வேறு, குடியேற்றித் தர வேண்டியவர்கள் வேறு. கனடா ஒன்றும் சுவர்க்கமும் இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் அடைத்த கதையும், அதற்கு 2008இல் மன்னிப்புக் கேட்ட கதையும் அதே புத்தகத்தில் இருக்கிறது. எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு விசயம். உள்ளே வர நிற்கிற புது ஆளிடம், "எங்கட பிழையையும் படித்துக்கொண்டு வா, அதிலும் கேள்வி வரும்" என்று ஒரு நாடு சொல்கிறது.

அடுத்த நாள் பாடசாலையில் 9ஆம் தரத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். எத்தனை மாகாணம்? 9 என்று எல்லோரும் சொன்னார்கள். மாவட்டம் 25, அதுவும் சரி. சர்வசன வாக்குரிமை 1931, மூன்று பேர் சொன்னார்கள். நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வாழவும், வெளியே போனவர் நாட்டுக்குத் திரும்பி வரவும் உரிமை இருக்கிறது என்று எங்கட அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை சொல்கிறதே, தெரியுமா? ஒரு கையும் எழும்பவில்லை. 1990இல் இந்தத் தீவில் என்ன நடந்தது? நாலு கை. நாலும் முஸ்லிம் பிள்ளைகள். 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்குப் போன தமிழ்ச் சனத்தைப் பற்றிக் கேட்டோம். அதற்கு வேறு ஐந்து கை எழும்பியது. எங்கட பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்துகொண்டு தனித்தனியாகத்தான் இதை அறிந்து வைத்திருக்கிறார்கள்.

உம்மாவுக்கு இன்னொரு ஞாபகமும் வந்தது. இளம் வயதில், தோட்டத்துச் சனம் தகரப் பெட்டிகளோடு றெயிலில் தலைமன்னார்த் துறைக்குப் போவதைப் பார்த்திருக்கிறா. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் கனடா மாதிரி 20 கேள்வி கேட்கவில்லை. தகப்பன் இங்கே பிறந்ததற்கு, பாட்டன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் கடதாசி எங்கே? 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அதன் பிறகு எங்கட தீவு வழியாகத்தான் பலர் கப்பலேறினார்கள். இங்கேயே தங்கி நாடற்றவராக இருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. "படிச்சு எழுதுற சோதினை எவ்வளவோ மேல்" என்றா உம்மா.

கடதாசி என்றதும் சொல்ல வேண்டும். எங்களை வெளியேறச் சொன்னபோது, கரையில் பைகளைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாப்பா காணி உறுதியையும் எங்கட பிறப்புப் பத்திரங்களையும் ஒரு சீலைப் பையில் கட்டி, கீரியில் இருந்த தன் கூட்டாளியிடம் கொடுத்தார். அவர் கடல் தொழிலாளி, வேதக்காரர். பிறகு அவர்களும் ஓடினார்கள். அந்தப் பை இந்தியாவுக்குப் போய், முகாமில் இருந்து, திரும்பக் கீரிக்கு வந்தது. யுத்தம் முடிந்து நாங்கள் வந்தபோது இருவருமே மவுத்தாகிவிட்டார்கள். மாமிதான் பையை எடுத்துத் தந்தா. எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது. தங்கச்சியின் பெயர் தெளிவாக இருந்தது. எங்கட சொந்த ஊர் எருக்கலம்பிட்டியாக இருந்தும், இன்றைக்குக் கீரியில் குடியிருக்கிறோம் என்றால் அந்த வீட்டு முற்றத்துக்காகத்தான்.

நேர்காணலுக்கு அவள் கொண்டுபோன கோப்பில் அந்தப் பத்திரமும் இருந்தது. அதிகாரி கடவுச்சீட்டு, பயண நாட்கள் எல்லாம் பார்த்துவிட்டு, மூலை இல்லாத பத்திரத்தைக் காட்டிக் கேட்டாராம். தங்கச்சி தன் இங்கிலீசில் முழுக் கதையையும் சொன்னாளாம். இலக்கணம் எல்லாம் பிழைத்திருக்கும். அவர் இடையில் மறிக்கவில்லையாம். சோதினையில் 17. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த கிழமை சத்தியப்பிரமாணம். அங்கேதான் இன்னொரு முடிச்சு. எங்கட சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து வைத்திருக்கலாம், அல்லது பிறகு திரும்பப் பெறலாம். தங்கச்சி பிறகு பார்ப்போம் என்றுதான் இருந்தாள். உம்மா போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டா:

"அப்ப இந்த வீட்டுக்கு வாறதுக்கு நீ விசா எடுக்கணுமா, புள்ள?"

அவளிடம் பதில் இல்லை. முதல் தடவை யாரும் கேட்காமல் அனுப்பினார்கள். இந்தத் தடவை தானே கையெழுத்து வைத்துப் போவதா என்று இரண்டு நாள் தூங்கவில்லையாம். இப்போது இரட்டைக் குடியுரிமைக்கான கடதாசிகளைத் திரட்டுகிறாள். எலி கடித்த பத்திரத்துக்கு மறுபடியும் வேலை.

பெற்றோருக்கு நாங்கள் பட்டதில் இருந்து நாலு விசயம்:

1. கனடாப் புத்தகம் இலவசம். கேட்கிற ஒலி வடிவமும் இருக்கிறது. "பாஸ் பண்ணித் தாறோம்" என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

2. நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவில் 24 கேள்வி, 18 சரி வேண்டும். ஜெர்மனியில் 33க்கு 17. அவுஸ்திரேலியாவில் 20க்கு 15, அதில் விழுமியங்கள் பற்றிய 5 கேள்வியும் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும்.

3. பெயர் எழுத்தைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு முகம்மது, அடையாள அட்டையில் இன்னொரு முகமட் என்றால் இப்போதே திருத்துங்கள்.

4. இரட்டைக் குடியுரிமை பற்றிச் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாரியுங்கள். காணி விசயத்திலும் இது பிறகு உதவும்.

ஐந்தாவது எங்களுக்கு. வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், 9ஆம் தரத்தில் அந்த ஒன்பது பிள்ளைகளும் வீட்டில் கேட்ட கதையை வகுப்புக்குச் சொல்லப் போகிறார்கள். மாமியும் வாறேன் என்றிருக்கிறா. உம்மாவும் வருவா. 2036 வரை எங்களால் பொறுத்திருக்க முடியாது.

தங்கச்சிக்காகத் துஆ செய்யுங்கள், செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.